எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டருக்குச் செம்புக் கம்பி ஏன் ஆகாது?

டர்போ டீசல் வண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “பூஸ்ட் மீட்டரும் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டரும் வாங்கிவிட்டேன். வெப்ப மீட்டரோடு வந்த வயர் டேஷ்போர்டு வரை எட்டவில்லை. சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டிக்கொள்ளலாமா?”

கூடாது. ஏன் கூடாது என்பதற்குள் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் ஒன்று இருக்கிறது. அதற்கு முன், இந்த இரண்டு மீட்டர்களும் எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

டர்போ தெரிந்த சங்கதிதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுழலும் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் பூஸ்ட்.

டீசல் இன்ஜினுக்குள் எப்போதும் தேவைக்கு மேல் காற்று இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுவது டீசல். அந்த உபரிக் காற்று எரிவதற்கு மட்டுமல்ல, சூட்டைப் பங்குபோட்டுக் கொள்ளவும் உதவுகிறது. டீசல் கூடிக்கொண்டே போய், காற்று அதற்கு ஈடாகக் கூடாவிட்டால் புகையின் சூடு ஏறும். டர்போ அமுக்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஒரு கிளாம்ப் தளர்ந்து காற்று கசிகிறது என்று வையுங்கள்: அதே ஏற்றத்தில் பூஸ்ட் முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்கும், வெப்ப முள் வழக்கத்தைவிட மேலே ஏறும். ஒரு முள்ளை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

முள் வைத்த பூஸ்ட் மீட்டரின் வேலை எளிது. உள்ளே தட்டையான குழாய் ஒன்று வில்லாக வளைந்திருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரான்சின் யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. இன்டர்கூலரைத் தாண்டி, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாயை இழுத்துவந்து கொடுத்தால் போதும்.

இனி வெப்ப மீட்டர். எழுநூறு டிகிரிப் புகைக்குள் எந்தக் கருவியை நுழைப்பது? பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே நுழைவது இரண்டு உலோகக் கம்பிகள், அவ்வளவுதான். நிக்கலும் குரோமியமும் கலந்த குரோமெல் ஒன்று. நிக்கலோடு கொஞ்சம் அலுமினியமும் வேறு சிலவும் கலந்த அலுமெல் மற்றொன்று. இரண்டையும் நுனியில் ஒன்றாகப் பற்றவைத்தால் தெர்மோகப்பிள் தயார். பேட்டரி வேண்டாம், அதுவே மின்னழுத்தம் தரும்.

இதன் வேரை 1821-இல் தொட்டவர் தாமஸ் சீபெக். இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பைச் சூடாக்கினார், பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டினார். பூமியின் காந்தத்துக்குக்கூட நிலநடுக்கோட்டுக்கும் துருவங்களுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசமே காரணமாகலாம் என்றார். விளக்கம் தவறு. வளையத்தில் ஓடியது மின்சாரம், ஊசியைத் திருப்பியது அந்த மின்சாரம். ஆனால் அவர் கண்ட நிகழ்வு உண்மை. 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள், புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து இதே விளைவால்தான் மின்சாரம் எடுக்கின்றன. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வருபவரிடம் முதல் கேள்வியாகவே “இதனால் என்ன பயன்?” என்று கேட்பதை நான் ஏற்காததற்கு சீபெக் ஒரு முக்கியக் காரணம். அன்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்?

சரி, மின்னழுத்தம் எங்கே பிறக்கிறது? பற்றவைத்த நுனியில் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மையில் அது கம்பியின் உடல் நெடுக, சூடு மாறும் இடங்களில் பிறக்கிறது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் சமமாகப் பரவி நிற்பதில்லை, ஒரு பக்கம் சற்றே ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கும், எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒரே உலோகமானால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். வெவ்வேறானால் ஒரு மிச்சம் நிற்கும். குரோமெல்-அலுமெல் ஜோடியில் அந்த மிச்சம் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். 700 டிகிரியில் ஏறத்தாழ 29 மில்லிவோல்ட்.

இதை மேசையில் வைத்தே பார்க்கலாம். நுனியைக் கொதிக்கும் நீரில் வைத்தேன், மீட்டர் 100 காட்டியது. அப்புறம் வயரின் நடுப்பகுதியை மெழுகுவர்த்திச் சுடரில் பிடித்தேன். உறை கருகும் வாசனை வந்தது, மீட்டர் 100-லேயே நின்றது. சுடரை நோக்கிப் போகும்போது ஏறிய மின்னழுத்தம், சுடரைத் தாண்டியதும் அதே அளவு இறங்கிவிடுகிறது. மலைப்பாதை நடுவில் எவ்வளவு ஏறி இறங்கினாலும், கிளம்பிய ஊருக்கும் சேர்ந்த ஊருக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறாது அல்லவா? அதே கணக்கு.

அதாவது தெர்மோகப்பிளுக்குத் தெரிவது வித்தியாசம் மட்டுமே. டேஷ்போர்டில் தன் முனையின் வெப்பநிலையை மீட்டரே தனியாக அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது வாசகரின் செம்புக் கம்பியைச் சேர்த்துப் பாருங்கள். புகை 700 டிகிரி. பானெட்டுக்குள் ஒட்டுப்போட்ட இடம் 80. மீட்டர் இருக்கும் இடம் 35. தெர்மோகப்பிள் உணர்வது 700-க்கும் 80-க்கும் இடைப்பட்ட 620. அதன்பின் போவதும் வருவதும் செம்பு, அங்கே கிடைப்பது ஒன்றுமில்லை. மீட்டர் தன் 35-ஐக் கூட்டிச் சுமார் 655 என்று காட்டும். 45 டிகிரி காணாமல் போய்விட்டது. பானெட் சூடாக ஆக இந்தப் பிழையும் வளரும். ஏற்றத்தில், உண்மை தெரிந்தே ஆகவேண்டிய நேரத்தில், மீட்டர் உங்களுக்குத் தைரியம் சொல்லும்.

ஆகவே அதே ஜோடி உலோகத்தில் கிடைக்கும் நீட்டிப்பு வயரை வாங்குங்கள். அமெரிக்க வழக்கத்தில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். மற்ற வயரிங் பழக்கத்துக்கு நேரெதிர் என்பதால் இங்கே கை தவறுவது சுலபம்.

நுனியை எங்கே வைப்பது? டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில். டர்போவைத் தாண்டியதும் புகை தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவதால் நூறு டிகிரிக்கு மேல்கூடக் குறைந்து தெரியலாம், அந்த வித்தியாசமும் நிலையாக இருக்காது. துளையிடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிவிடுவதே நல்லது. ஓர் இரும்புப் பிசிறு உள்ளே தங்கினாலும், லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தின் இதழைச் சிதைத்துவிடும். கழற்ற வழியே இல்லையென்றால் டிரில் பிட்டிலும் மரை வெட்டும் டேப்பிலும் கெட்டியாகக் கிரீஸ் பூசி, ஒரு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, கடைசியில் காந்தத்தால் துழாவுங்கள்.

எத்தனை டிகிரி வரை போகலாம் என்பது இன்ஜினைப் பொறுத்தது. நீண்ட ஏற்றத்தில் டர்போவுக்கு முன் 700-ஐ எல்லையாக வைத்துக்கொள்பவர்கள் பலர். அலுமினியம் உருகுவது 660-இல், பிஸ்டனோ அலுமினியக் கலவை. ஆனாலும் அது உருகுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் புதுக் காற்று வந்து குளிர்விக்கிறது, பல இன்ஜின்களில் அடியிலிருந்து எண்ணெயும் பீய்ச்சியடிக்கிறது. முள் 700-ஐ நெருங்கினால் கியரைக் குறைத்து, மிதியையும் தளர்த்துங்கள். டீசல் குறைந்ததும் சில விநாடிகளில் முள் இறங்கத் தொடங்குவதைப் பார்க்கலாம்.