மெசேஜிங்: செய்தியிடல் அல்ல, எடுத்துரைப்பு

"எங்கள் செய்தி மக்களிடம் போய்ச் சேரவில்லை." தேர்தலில் தோற்ற கட்சிகள் வழக்கமாகச் சொல்வது இது. மொழிபெயர்ப்புக் கட்டுரைகளோ இன்னும் ஒரு படி மேலே போய், ஆங்கிலத்தின் 'ஸ்ட்ராடஜிக் மெசேஜிங்' பிழைகளை 'மூலோபாயச் செய்தியிடல் தவறுகள்' என்று எழுதுகின்றன.

மெசேஜ் என்பதன் வேர், 'அனுப்பு' என்னும் பொருளுடைய லத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் 'செய்தி' பிறந்தது 'செய்' என்பதிலிருந்து. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் அது ஒருவர் செய்த நன்மையைக் குறிக்கிறது. இன்றோ, நடந்ததை அறிவிப்பது செய்தி.

கைப்பேசிச் செயலிக்குச் 'செய்தியிடல்' பொருந்தும். அங்கே ஒன்றை அனுப்புகிறோம், அது போய்ச் சேர்கிறது. தேர்தல் களத்தில் மெசேஜிங் என்பது வேறு: எதைச் சொல்வது, எதை விடுவது, யாரை நோக்கி, எந்தச் சொற்களில் என்று முடிவெடுத்துப் பேசுவது. 2004இல் பா.ஜ.க. கூட்டணி அரசின் 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரம் போய்ச் சேராமலா இருந்தது? தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் அது திரும்பத் திரும்ப வந்தது. பார்த்த ஏழை உழவர், அந்த ஒளியில் தனக்குப் பங்கில்லை என்று கண்டார். 'சாமானியனுக்கு என்ன கிடைத்தது?' என்று காங்கிரஸ் கேட்டது. 182 இடங்கள் வைத்திருந்த பா.ஜ.க. 138க்கு இறங்கியது. 1971இல் எதிர்க்கட்சிகளின் 'இந்திராவை அகற்று' முழக்கமும் நன்றாகவே பரவியது. "அவர்கள் என்னை அகற்றச் சொல்கிறார்கள், நான் வறுமையை அகற்றச் சொல்கிறேன்" என்று பேச இந்திராவுக்கு அதுவே வழி திறந்துவிட்டது. காங்கிரசுக்கு 352 இடங்கள். இரண்டு தேர்தலிலும் பிழை சொன்னதில் இருந்தது, அனுப்பியதில் இல்லை. 'செய்தி சேரவில்லை' என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர் பழியைத் தபால்காரர்மேல் போட்டுவிடுகிறார்.

எடுத்துரைப்பு என்பதே சரி. பலவற்றுள் ஒன்றை 'எடுத்து', கேட்பவருக்கு 'உரைப்பது'. தேர்வும் பேச்சும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 'திறனறிந்து சொல்லுக' என்று குறள் கேட்பதும் இதைத்தான். இலக்கியத் திறனாய்வில் கதைசொல்லும் முறைக்கு இச்சொல் வழங்குகிறதே என்பார்கள். அங்கும் எதை எப்படிச் சொல்வது என்பதுதான் பொருள், மோதல் இல்லை.

'மூலோபாயம்' வேண்டாம், உத்தி போதும். உத்தியும் வடமொழி 'யுக்தி'தான். ஆனால் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, எல்லாருக்கும் புரிகிறது. சிலர் எழுதும் 'வியூகம்' படையை நிறுத்தும் அமைப்பு. பேச்சுக்கு அது எதற்கு? 'எடுத்துரைப்பு உத்தியில் பிழைகள்' என்று எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியின் முதல் பொருளை ஒட்டிவைத்துவிட்டு, தமிழில் சொல் இல்லை என்று குறைப்படுவதை முதலில் நிறுத்துங்கள்.