மருந்தின் பெயரை எழுதுங்கள், மரத்தின் இடத்தை எழுதாதீர்கள்

நீலகிரியின் வடசரிவில், மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமியில், பதினெட்டு ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். அந்த வேலையைப் பற்றி அவ்வப்போது கட்டுரைகளும் எழுதி வருகிறேன். அண்மைக் காலமாகக் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து இளைஞர்கள் பலர் தேயிலைத் தோட்டம், மாடு மேய்ப்பு, வேட்டைத் தடுப்புக் காவல் என்று தங்கள் அன்றாட வேலையை எழுதத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. சிலர் தாங்கள் எழுதியதை என்னிடம் படிக்கக் கொடுக்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குறையை, நானே செய்து வருந்திய பிழையோடு சேர்த்து, இங்கே சொல்லியாக வேண்டும். திருத்தமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் பொதுப்படையாகக் கடந்துவிடுகிறோம்; மறைக்க வேண்டிய இடத்தில் அடையாளம் காட்டிவிடுகிறோம்.

ஒரு கட்டுரையில், "மாட்டுக்கு வலி ஊசி போட்டார்கள், இரண்டு நாளில் செத்துவிட்டது, காட்டோரம் இழுத்துப் போட்டோம்" என்று ஒரே வரி இருந்தது. எழுதியவருக்கு அது கடந்துபோகும் செய்தி. எனக்கோ அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. சீகூரும் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் தமிழ்நாட்டில், செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகள் இன்றும் கூடு கட்டி வாழும் இடங்கள். வெண்முதுகுப் பாறு இங்கே ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் கூடு வைத்து, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு சில நாட்களுக்குள் செத்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால், சிறுநீரகம் பழுதாகி மாண்டுபோகும். 1990-களிலிருந்து நாடெங்கும் பாறுகள் அழிந்ததற்கு இதுவே முதன்மையான காரணம் என்று தெரிந்த பிறகு, 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அதே போலப் பாறுகளுக்குக் கேடான வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாறுகளுக்குக் கேடு செய்வதில்லை. எனவே போட்டது எந்த ஊசி, மாடு எத்தனையாம் நாள் செத்தது, சடலத்தைப் புதைத்தார்களா வெளியே போட்டார்களா என்று எழுதியிருந்தால், அதைப் படிக்கும் இன்னொரு மாட்டுக்காரர் அடுத்த முறை ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டிருப்பார்.

புலி அடித்த மாட்டைப் பற்றி எழுதும்போதும் இதே குறை நேர்கிறது. உறுமலும் இரத்தமும் விரிவாக வரும். மறுநாள் காலையோடு கட்டுரை முடிந்துவிடும். மாட்டுக்காரரின் பாடு அப்போதுதான் தொடங்குகிறது. சடலத்தை அசைக்காமல் வைத்திருந்து, வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்து, கால்நடை மருத்துவரும் சான்று தந்த பிறகே இழப்பீட்டு மனு நகரும். அதற்குள் போன கூலி எவ்வளவு, எத்தனை முறை பேருந்தேறினார், வீட்டில் பால் நின்றதால் யாருடைய கடன் தவணை தவறியது என்பவற்றை எழுதுங்கள். அந்தக் காத்திருப்பில் வெறுத்துப்போய் எவராவது சடலத்தின் மேல் குருணைப் பூச்சிக்கொல்லியைத் தூவிவிட்டால், புலி மட்டுமன்றிக் கழுதைப்புலியும் பாறும் அதே இடத்தில் விழும். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதை உள்ளூர்க்காரர் எழுதாவிட்டால் வெளியிலிருந்து வேறு யாரும் எழுதப்போவதில்லை.

இனி என் பிழை. சில ஆண்டுகளுக்கு முன், கன்று ஈன முடியாமல் தவித்த ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு அந்திப் பொழுதில் திரும்பியதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வழியில் பாறு அடைகாத்திருந்த மரத்தைக் கண்ட மகிழ்ச்சியில், ஓடையின் பெயர், பாலத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கரை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, அங்கே மாடு மேய்க்கும் பெரியவர் என்னை நிறுத்தினார். "நீங்க எழுதினதப் படிச்சிட்டுத்தான் ஜீப்புல வந்தாங்களாம், டாக்டரய்யா. பொழுதுக்கும் மரத்தடியிலேயே நின்னாங்க. பறவ எறங்கவே இல்ல" என்றார். கூடு வெறுமையாக இருந்தது. அதற்கு அவர்கள்தாம் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு வழி காட்டியது நான்.

அன்றிலிருந்து கூடு, குகை, விலங்குகள் உப்புமண் நக்க வரும் உப்புநக்கி, தேன் எடுக்கும் பாறை, யானை தண்ணீருக்கு வரும் தடம் ஆகியவற்றின் இருப்பிடத்தை நான் எழுதுவதில்லை. ஊர் மக்களுக்கு எச்சரிக்கையாகப் பயன்படும் யானைத் தடமாக இருந்தால், அதை ஊருக்குள் நேரில் சொல்வேன். தேன் பாறை இருளர், குறும்பர் குடும்பங்களின் பிழைப்பு. அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது.

இன்னொரு பழக்கமும் வந்தது. எவருடைய மாட்டைப் பற்றி எழுதுகிறேனோ, அவரிடம் கட்டுரையை வாசித்துக் காட்டிய பிறகே வெளியே தருகிறேன். கடந்த கோடையில், புலி அடித்த ஒரு சினைமாட்டைப் பற்றி எழுதி, அதை வளர்த்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தன் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்றார். பிறகு சற்று யோசித்து, "மறுநாளும் மத்த மூணு மாட்டையும் அதே வழியிலதான் ஓட்டிட்டுப் போனேன்னு எழுதுங்க. வேற மேய்ச்சல் எங்க இருக்கு?" என்றார். அந்தக் கட்டுரை இப்போது அந்த வரியில்தான் தொடங்குகிறது.