பொருந்தியது சார், அதனால்தான் செருகினேன்

இந்த ஒரு வாக்கியத்தை இந்த ஆண்டில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியாகக் கேட்டது போன செவ்வாய்க்கிழமை. இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவர் துணிப்பையில் ஒரு பழைய எட்டு உள்ளீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பையைத் திறக்கும் முன்பே வாடை வந்துவிட்டது. இருபது ஆண்டுகளாகச் சால்டரிங் புகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எரிந்த பலகையின் வாடையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாரோ ஒருவர் ஸ்டுடியோவை மூடும்போது நாலாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தாராம். நல்ல விலை, நல்ல கருவி. அதற்குரிய அடாப்டர் மட்டும் இல்லை. தம்பியிடம் கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களுக்கான அடாப்டர் இருந்தது, முனை கச்சிதமாகப் பொருந்தியது. விளக்கு எரியவில்லை. எரியும் என்று அரை மணி நேரம் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். உள்ளே காவலுக்கு இருந்த டயோடு கருகி, அதன் கீழே ஓடிய செப்புத் தடமும் எரிந்திருந்தது.

என்னிடம் வருகிற பழைய இன்டர்ஃபேஸ்களில் வயதாகிச் செத்தவை குறைவு. செருகக் கூடாததைச் செருகியதால் செத்தவைதான் அதிகம். முனை பொருந்துகிறது என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: முனை பொருந்துகிறது. வேறு எதற்கும் அது உத்தரவாதம் அல்ல. அந்த வட்ட முனையின் அளவை எந்தக் கம்பெனியும் தனக்கென்று எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. 5.5 மில்லிமீட்டர் வெளிச்சுற்றும் 2.1 மில்லிமீட்டர் உள்துளையும் கொண்ட முனை வைஃபை பெட்டியிலும் இருக்கும், கேமராவிலும் இருக்கும், கீபோர்டிலும் இருக்கும். ஒன்றில் 5 வோல்ட், மற்றொன்றில் 12, வேறொன்றில் 19.

கிட்டார் பெடல் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். இந்தத் தம்பியின் இன்டர்ஃபேஸுக்கோ 12 வோல்ட், நடுமுனை பிளஸ். வோல்ட்டும் தவறு, திசையும் தலைகீழ். இது ஒன்றும் ரகசியம் இல்லை. இன்டர்ஃபேஸின் முதுகில், முனை செருகும் துளைக்குப் பக்கத்திலேயே சின்ன வட்டப் படமாக அச்சடித்திருக்கிறார்கள். நடுப்புள்ளியிலிருந்து எந்தக் குறிக்குக் கோடு போகிறதோ அதுதான் நடுமுனை. அடாப்டரிலும் அதே படம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்து வினாடி ஆகும்.

படத்துக்குப் பக்கத்தில் நெளிகோடு இருந்தால் அது ஏசி. நேர்கோட்டின் கீழே துண்டுக்கோடுகள் இருந்தால் டிசி. அடாப்டர் என்றாலே டிசிதான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கருவிகள் சில 9 வோல்ட் ஏசி கேட்பவை. அதிலிருந்து பிளஸ், மைனஸ் இரண்டு பக்க மின்சாரமும், மைக்குக்கான 48 வோல்ட்டும் உருவாக்குவது வடிவமைத்தவர்களுக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட அடாப்டரை மல்டிமீட்டரின் டிசி பக்கம் வைத்து அளந்தால் பூஜ்யம் காட்டும். ‘அடாப்டர் செத்துவிட்டது’ என்று முடிவுகட்டி, நல்ல அடாப்டரைக் குப்பையில் போட்டுவிட்டு டிசி அடாப்டர் வாங்கி வந்து செருகியவர்கள் இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் பொறியியல் பட்டதாரி.

அடுத்து ஆம்பியர். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். கருவி 1 ஆம்பியர் கேட்கிறது, கையில் இருக்கும் அடாப்டர் 2 ஆம்பியர். ‘கூடுதலாகப் பாய்ந்து எரிந்துவிடாதா?’ எரியாது. தெருக்குழாயில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் உங்கள் குடம் பிடிக்கிற அளவுதானே பிடிக்கும்? ஆம்பியரும் அப்படித்தான், கருவி தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படி இல்லை. அது குழாயின் அழுத்தம், தள்ளிக்கொண்டு வரும். ஆகவே வோல்ட் சரிசமமாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் செய்வது நேர் எதிர். ஆம்பியர் கூடிவிடுமோ என்று பயந்து, வோல்ட் கூடியதைச் செருகிவிடுகிறார்கள். ‘9-க்கும் 12-க்கும் மூன்றுதானே சார் வித்தியாசம்?’ உங்கள் வீட்டு 230 வோல்ட்டில் அதே விகிதத்தில் கூட்டினால் ஏறக்குறைய 307 வரும். ஃபிரிட்ஜைச் செருகுவீர்களா?

இனி ஃபயர்வயர், யூஎஸ்பி போலவே கருவியைக் கணினியோடு இணைக்கும் பழைய முறை. 2000-களில் ஸ்டுடியோக்கள் வாங்கிய நல்ல இன்டர்ஃபேஸ்கள் பல அந்த வகை. இப்போது அவை மலிவாகக் கிடைக்கின்றன, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கியவுடன் இணையத்தில் இருநூறு ரூபாய்க்கு ஒரு கேபிள் தேடிப்பிடிக்கிறார்கள். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யூஎஸ்பி. தயவுசெய்து கேளுங்கள்: அந்தக் கேபிளுக்குள் கம்பியைத் தவிர எதுவும் இல்லை. ஃபயர்வயரும் யூஎஸ்பியும் இரண்டு வேறு மொழிகள். இரண்டு பக்கமும் முனையை மாற்றிவைத்த கம்பி மொழிபெயர்க்காது. போதாக்குறைக்கு, ஃபயர்வயரின் ஆறு முள் முனையில் 30 வோல்ட் வரை மின்சாரம் வரலாம், யூஎஸ்பி 5 வோல்ட் வீடு. வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, பணம் இருநூறோடு போகும். கணினியின் துளையையும் சேர்த்துக் கொன்றுவிட்டால்?

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் உள்ளே ஒரு ஃபயர்வயர் அட்டை போட்டுக்கொள்ளலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள அட்டையாகப் பார்த்து வாங்குங்கள், தொல்லை குறைவு. பழைய மேக்கில் ஆப்பிளின் தண்டர்போல்ட் இணைப்பானை வைத்து ஓட்டியவர்கள் உண்டு, நானும் ஓட்டியிருக்கிறேன். ஆனால் 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயருக்கே இடமில்லை. அதற்கு மாறிவிட்டால் எந்த இணைப்பானும் உதவாது.

இன்னொன்று, இரு பக்கமும் மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் ஃபயர்வயரைச் செருக வேண்டும். ஓடும்போதே பிடுங்கிச் செருகலாம் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். பழசாகித் தளர்ந்த ஆறு முள் துளையில் முனை தலைகீழாகக்கூட நுழைந்துவிடும். அப்போதும் அது ‘பொருந்தியது’தான்.

டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், அதன் பிரச்சினையை என்னிடம் கொண்டுவருகிறவர்கள், 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு பெருகிவிட்டார்கள். புது மடிக்கணினி, விண்டோஸ் 11, பழைய இன்டர்ஃபேஸ். கணினி அதை அடையாளமே காணவில்லை, கருவி போய்விட்டது என்று வருகிறார்கள். கருவியில் ஒன்றும் இல்லை. அதன் பழைய டிரைவரை விண்டோஸின் பாதுகாப்பு வளையம் உள்ளே விடவில்லை. மேக்கிலும் 2020 முதல் வந்த ஆப்பிள் சிப் கணினிகளில் பழைய டிரைவர்களுக்கு இதே கதைதான். தனி டிரைவர் கேட்காத, பொது யூஎஸ்பி ஆடியோ முறையில் இயங்கும் கருவிகள் மட்டும் பெரும்பாலான புதிய கணினிகளிலும் ஓடும். பழையது வாங்கும் முன் இதை ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தயாரித்த கம்பெனியின் தளத்தில் இல்லாத டிரைவரை வேறு எந்தத் தளத்திலும் இறக்காதீர்கள். ‘உங்கள் டிரைவர்கள் அனைத்தையும் புதுப்பிக்கிறோம்’ என்கிற தளங்கள் உங்கள் கணினியைப் புதுப்பிப்பதில்லை. என் ஆலோசனை எளிது: பழைய இன்டர்ஃபேஸுக்குப் பழைய கணினியையே துணையாக வையுங்கள், இணையத்தைத் துண்டித்து வையுங்கள், ஒலிப்பதிவு தவிர வேறு எதற்கும் தொடாதீர்கள். என் பட்டறையில் விண்டோஸ் 7 ஓடும் கணினி ஒன்று அப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

‘பழையது என்பதால் ஒலி மட்டமாகத்தானே இருக்கும்’ என்பவர்களுக்கு நீளமாகச் சொல்லப்போவதில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடத்துக்கு வினாடிக்கு 1.15 மெகாபிட் வேண்டும். எட்டுத் தடத்துக்குப் பத்துக்கும் குறைவு. பழைய யூஎஸ்பி 2.0-இன் ஏட்டுக் கணக்கு 480, ஆகவே பாதை போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டர்ஃபேஸின் இரைச்சலைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக் 60 டெசிபல் அளவுக்கு கெயின், அதாவது ஒலிப்பெருக்கம், கேட்கும். பழைய சிறிய இன்டர்ஃபேஸ்கள் அந்த உயரத்துக்கு ஏறினால் மூச்சு வாங்கும், இரைச்சல் கேட்கும். அங்கே புதியது வாங்குவதில் நியாயம் உண்டு.

மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கன்டென்சர் மைக் மந்தமாகக் கேட்டால் மைக்கைக் குறை சொல்லும் முன் ஃபேன்டம் பவரை, அதாவது இன்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் அந்த 48 வோல்ட்டை, அளந்து பாருங்கள். மைக் இணைப்பின் ஒன்றாம் முள்ளுக்கும் இரண்டாம் முள்ளுக்கும் நடுவே 44-இலிருந்து 52 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். முப்பதுகளில் நின்ற கருவிகளைப் பார்த்திருக்கிறேன். கெபாசிட்டர் சோர்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும். கடற்கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து வருபவற்றில் உப்புக் காற்று பட்ட ஜாக்குகள் தனிக் கதை. கெயின் திருகு கரகரவென்றால் அதற்கென்று கான்டாக்ட் கிளீனர் விற்கிறது. ஒருவர் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். சிரிக்கவில்லை நான், சுத்தம் செய்ய ஒரு மாலை முழுவதும் ஆனது.

இதுவரை சொன்னதில் போவது கருவி. இனிச் சொல்வதில் போவது ஆள்.

ஸ்பீக்கரில் ஹம், அதாவது விடாத ரீங்காரம், வருகிறது. யாரோ ஒரு நண்பர் ‘எர்த் முள்ளை எடுத்துவிடு, நின்றுவிடும்’ என்கிறார். மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் சின்ன வெள்ளைக் கட்டை பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகுகிறார்கள். பொருந்துகிறது. ஹம்மும் நின்றுவிடுகிறது, அதுதான் கொடுமை. கிட்டார் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஒரு கடி. ‘லேசாகத்தான் சார் அடிக்கிறது, பழகிவிட்டது’ என்று என்னிடமே சொல்கிறார்கள். லேசாக அடிப்பது கருவியின் கருணை அல்ல. எங்கோ ஒரு கசிவு போக வழியில்லாமல் உங்கள் உடம்பின் வழியாகப் போகப் பார்க்கிறது. அந்தக் கசிவு ஒருநாள் பெரிதானால் 230 வோல்ட்டும் அதே வழியைத்தான் தேடும். ஸ்டோன் தி க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

ஹம்மை வேறு வழிகளில் நிறுத்தலாம். கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், ஹம் நின்றால் குற்றவாளி சார்ஜர். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளை மூன்று தொடர்பு உள்ள பேலன்ஸ்டு கேபிளாக மாற்றுங்கள். கிட்டாருக்கு டிஐ பாக்ஸ் (அதன் சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றித்தரும் சின்னப் பெட்டி) வையுங்கள். எதிலும் நிற்கவில்லையா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். அந்த வெள்ளைக் கட்டையை மட்டும் ஸ்டுடியோவில் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தத் தம்பியின் இன்டர்ஃபேஸ் பிழைத்துவிட்டது. டயோடு ஒன்று, ரெகுலேட்டர் ஒன்று, எரிந்த தடத்துக்கு மேல் ஒரு கம்பி. பதினாறு கெபாசிட்டர்களையும் கையோடு மாற்றினேன், அவற்றில் நான்கு ஏற்கெனவே தலை உப்பியிருந்தன. வாங்க வந்தபோது 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை எடுத்து, அதன் வயரை இன்டர்ஃபேஸின் பின்பக்கத் திருகோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். பிரிக்காதே என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

‘சார், வீட்டில் ஒரு பழைய மிக்சர் இருக்கிறது. அதற்கும் இந்த அடாப்டர் பொருந்துமா?’