பிரிவென்ஷன்: தடுப்பா, காப்பா?

சர்க்கரை நோய் பற்றி ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கியபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருக்குக் கால் புண்ணு ஆறிடுச்சு தம்பி. நீங்க மூணாம் நிலைன்னு சொல்றீங்களே, அப்ப முத்திப் போச்சா?" நான் சொன்னது 'மூன்றாம் நிலைத் தடுப்பு'. புற்றுநோய்க்கு முதல் நிலை, மூன்றாம் நிலை என்று கேட்டுப் பழகியவருக்கு அது நோயின் நிலையாகத்தான் பட்டிருக்கிறது. தவறு அவருடையது இல்லை, சொல்லைத் தேர்ந்தவர்களுடையது. அன்றிலிருந்து இந்தச் சொற்கள் என்னை விடவில்லை.

தடுப்புக்கு ஆங்கிலத்தில் 'பிரிவென்ஷன்'. அது லத்தீன் வழிச் சொல். 'ப்ரே' என்றால் முன், 'வெனீரே' என்றால் வருதல். நோய்க்கு முன்னால் நாம் போய் நிற்பது என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் 'வருமுன் காத்தல்' என்கிறோம். அதே 'வா', அதே 'முன்'. ஆனால் இங்கே வருவது நோய், காத்து நிற்பது நாம். 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' என்ற குறள் (435) நோயைச் சொல்லவில்லை, குற்றத்தைச் சொல்கிறது. நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போர் போலக் கெடும் என்கிறது. அந்தத் தொடரை மருத்துவம் எடுத்துக்கொண்டது நல்ல காரியம். தமிழக அரசு ஒரு மருத்துவ முகாம் திட்டத்துக்கே 'வருமுன் காப்போம்' என்றுதான் பெயர் வைத்தது.

சரி, நிலைகள் எங்கிருந்து வந்தன? அமெரிக்கப் பொதுச் சுகாதார மருத்துவர்களான ஹியூ லீவெல், கர்னி கிளார்க் இருவரும் 1950களில் இதைப் பாடமாக வகுத்தார்கள். நோய்க்கு ஓர் இயல்பான போக்கு உண்டு. உடம்பில் நுழையும் முன், நுழைந்தும் வெளியே தெரியாத காலம், வெளிப்பட்ட பின் என்று அந்தப் போக்கின் எந்த இடத்தில் குறுக்கே நிற்கிறோம் என்பதை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். தடுப்பூசி முதலாவது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது இரண்டாவது. வந்துவிட்ட நோய் ஆளை முடக்கிவிடாமல் பார்ப்பது மூன்றாவது.

1978இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதய நோய் வல்லுநர் தோமா ஸ்ட்ராசர் இவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சேர்த்தார்: 'பிரைமோர்டியல்'. இதய நோய்க்குக் காரணமான பழக்கங்கள் இன்னும் பரவாத ஊர்களில், அவை உள்ளேயே வராமல் பார்த்துக்கொள்வது. இந்தச் சொல்லுக்குள் ஒரு தறி இருக்கிறது. 'ப்ரீமுஸ்' முதல், 'ஓர்டீரி' நெசவைத் தொடங்குதல். துணி நெய்யும் முன் பாவு விரிப்போமே, அந்த இடம். இதைத் 'தொடக்கநிலைத் தடுப்பு' என்று பெயர்த்தால் குழப்பம்தான். தொடக்கப் பள்ளியில் 'தொடக்கம்', ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'ஆரம்பம்', இரண்டுமே முதல் நிலையின் ஆங்கிலப் பெயரான 'பிரைமரி'க்கு ஏற்கெனவே போய்விட்டன. பள்ளி வாசலில் புகையிலை விற்காமல் பார்ப்பதும், பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடம் விடுவதும்தான் இந்த வேலை. 'வேரிலே தடுத்தல்' என்றால் யாருக்கும் புரியும்.

அப்புறம் 'தடுப்பு'. எல்லா நிலைக்கும் இந்த ஒரே சொல்லை ஒட்டிவைத்திருக்கிறோம். தடுப்பூசியில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் தடுப்பது நோயை, காப்பது ஆளை. நோய் வந்து பத்து வருடம் ஆனவரிடம் போய் 'நோய்த்தடுப்பு' என்றால் எதைத் தடுப்பது? அவரைக் காக்கத்தான் முடியும். ஈழத்தமிழர் காதில் 'தடுப்பு' என்றதும் தடுப்பு முகாமும் வந்து நிற்கும். 'காப்பு' அப்படி இல்லை. பொங்கலுக்கு முன் கொங்கு நாட்டில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வீட்டுக் கூரையில் செருகுவதும் காப்புக்கட்டுதான்.

அந்த அம்மாவின் கணவருக்கு நடப்பதைப் பாருங்கள். மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்கிறார். நைலான் இழை ஒன்றின் நுனியைப் பாதத்தில் வைத்து, இழை வளையும்வரை அழுத்துகிறார். அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. "தெரியுதாய்யா?" தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு, தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுவது. இதை 'முடங்காமல் காத்தல்' என்று சொல்லலாம். அந்த அம்மாவிடம் அன்று அப்படித்தான் சொன்னேன்: "முத்திப் போகலைம்மா, கால் போகாம காக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு." கையை விட்டார். இரண்டாம் நிலைக்கு 'முளையிலே கண்டறிதல்' என்ற பெயர் போதும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. பெல்ஜியக் குடும்ப மருத்துவர் மார்க் ழாமூல் 1986இல் முன்வைத்தது. மருத்துவமே மிகையாகி ஆளைக் கெடுக்காமல் பார்ப்பது. 'நான்காம் நிலை' என்றால் நம்மூரில் நோயாளி நடுங்கிப்போவார், அந்தப் பெயரை அடியோடு விட்டுவிட வேண்டும். 'மிகை மருத்துவம் தவிர்த்தல்' என்று நீட்டிச் சொன்னாலும் பாதகமில்லை. எண்பது வயதுப் பாட்டிக்குச் சர்க்கரை அளவை இளவயதுக்காரருடையதுபோல இறுக்கிப் பிடிக்கப்போய், விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கண் இருட்டிக் கழிவறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளலாம். அப்படி ஆகாமல் ஒரு மாத்திரையைக் குறைக்கிற மருத்துவர் செய்வது இந்தக் காப்புத்தான்.