லட்சத்தீவுக்கு மாலத்தீவின் முகம்

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் முக்குளித்த படங்கள் வெளிவந்தன. மாலத்தீவுடன் சர்ச்சையும் வெடித்தது. அதிலிருந்து, பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் என்னிடம் வருபவர்கள் பலர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி லட்சத்தீவில் ஏற்பாடு செய்யுங்கள்" என்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் படம் மாலத்தீவுடையது.

நீலக் கடல்மேல் தூண்களில் நிற்கும் குடில், ஆளில்லாத வெண்மணல். 1972இல் சுற்றுலாவைத் தொடங்கிய மாலத்தீவு, குடியிருப்பு இல்லாத தீவுகளை ஒரு ரிசார்ட்டுக்கு ஒரு தீவு என்ற கணக்கில் கொடுத்தது. அங்கே ஆளில்லாத மணல் கிடைப்பது அதனால்தான். விளம்பரம், திரைப்படப் பாடல், தேனிலவுக்குப் போய் வந்த உறவினரின் ஆல்பம் என்று பல வழிகளில் அந்தக் காட்சி நம் மனத்தில் படிந்துவிட்டது. கடலின் நிறம் ஒத்திருப்பதால் அதையே லட்சத்தீவுக்கும் பொருத்திக்கொள்கிறோம்.

லட்சத்தீவின் 36 தீவுகளையும் சேர்த்தாலே பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழும் பத்துத் தீவுகளில் 2011 கணக்கெடுப்பின்படி 64,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நாம் காலாறப் போகும் கரை பெரும்பாலும் ஒரு மீனவ ஊரின் முற்றம். முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர் அது; நீச்சலுடையில் தெருவில் நடப்பது அவர்களுக்குச் சங்கடம். பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மதுவிலக்கு இருந்துவருகிறது. இதை முன்பே சொன்னால் சிலர் பயணத்தைக் கைவிடுவார்கள். அப்படியும் சொல்லத்தான் வேண்டும்.

படத்தில் தெரியாத இன்னொன்று குடிநீர். மணலுக்கடியில் மெல்லிய அடுக்காக மட்டுமே நல்ல நீர் கிடக்கிறது. சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்தது. அதற்கு முன் அந்த ஊர் நம்பியிருந்தது பெரும்பாலும் கிணற்றையும் மழையையும்தான். நாம் கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு அறையும் இந்தத் தண்ணீரில்தான் பங்கு கேட்கிறது. நீருக்கடியிலும் நிலைமை மாறியிருக்கிறது: 2024 கோடையின் கடல் வெப்பத்தில் அங்குள்ள பவளங்கள் பரவலாக வெளிறின. மேலிருந்து எடுத்த படத்தில் நீலம் மட்டும்தான் தெரியும்.

முன்பதிவுக்கு முன் உங்களைக் கவர்ந்த படம் எந்தத் தீவில், எந்த மாதத்தில் எடுத்தது என்று கேளுங்கள். ஜனவரியின் அமைதியான கடல் ஜூன் மழைக்காலத்தில் இருக்காது. கப்பல் சேவையும் அப்போது குறைந்துவிடும். விமானம் இறங்குவது அகத்தித் தீவில் மட்டும். நுழைவு அனுமதி கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.