தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

இரண்டு ஊர்களுக்கு நடுவே விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடிப் பார்த்தால் கிடைக்கிற கிலோமீட்டர் கணக்கை நம்பலாம். கூடவே ஒரு பயண நேரம் வரும் பாருங்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தூரக் கணக்கு சுலபம். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்களும் அதன் மையத்தில் எத்தனை டிகிரி கோணம் உண்டாக்குகின்றன என்று பார்த்தால் போதும், மேற்பரப்பில் மிகக் குறைந்த தூரம் வந்துவிடும். இந்தப் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இரண்டு ஊர்களுமே 60 டிகிரி வடக்கு அட்சரேகையில், தீர்க்கரேகையில் 90 டிகிரி இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்சரேகையை ஒட்டி நேர் கிழக்காகவே போனால் சுமார் 5,000 கி.மீ. ஆகும்; வடக்கே வளைந்து கிட்டத்தட்ட 68 டிகிரி வரை ஏறி இறங்கினால் 4,600 கி.மீ.தான். தட்டையான வரைபடம் துருவப் பக்கத்தை இழுத்துக் காட்டுவதால், குறுக்கு வழி நமக்குச் சுற்று வழியாகத் தெரிகிறது.

சரி, நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் போகும். ஆனால் அது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்தது இல்லை. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? நடு அட்சரேகைகளில் பத்து கி.மீ. உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டிவிடும். 2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் இந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியும் அது ஒலியின் வேகத்தை மிஞ்சவில்லை, காரணம் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த அதன் வேகம் வழக்கமான அளவில்தான் இருந்தது.

கிழக்கே போகும்போது நேரம் குறைவதும் மேற்கே போகும்போது கூடுவதும் பூமி சுற்றுவதால்தான் என்று பலர் சொல்வார்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதனால் அது நேரடிக் காரணம் இல்லை. அந்தச் சுழற்சி காற்றைத் திருப்பி ஜெட் ஓட்டத்தை உருவாக்குவதில் பங்கு வகிக்கிறது, அவ்வளவுதான்.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. 5,500 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று: காற்றோடு போனால் ஐந்தரை மணி நேரம், எதிர்த்து வந்தால் 6 மணி 52 நிமிடம். மொத்தம் 12 மணி 22 நிமிடம் ஆகிறது. காற்றே இல்லாவிட்டால் 12 மணி 13 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோமே, அதுதான் காரணம்.

அதனால் விமானிகள் கிலோமீட்டர் குறைவான பாதையைத் தேடுவதில்லை, நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் பாதையைத்தான் தேடுகிறார்கள். சில சமயம் அதுவும் கையில் இருக்காது: 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது, ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்துகொண்டிருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது, அதே இரண்டு ஊர்கள்தான்.

அப்புறம், டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. வாயிலை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் போய் நிற்பது வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். குளிர்காலத்தில் ஜெட் காற்று வலுக்கும் என்பதால், அதே வழிக்குக் கோடையில் ஒரு நேரம், குளிரில் ஒரு நேரம் என்று அட்டவணை போடுகிறார்கள்.