டாக்டருக்கு காது கொடுத்து கேக்க கத்துக்குடுக்கறது எப்படி?

டாக்டர் ரூம்ல போய் உக்காந்ததும் "சொல்லுங்க, என்ன பண்ணுது?"ன்னு கேப்பாங்க, நாம வீட்லேர்ந்தே மனசுக்குள்ள வரிசையா அடுக்கி வச்சத சொல்ல ஆரம்பிப்போம், முதல் விஷயத்த சொல்லி முடிக்கறதுக்குள்ளயே "எத்தன நாளா இருக்கு, காய்ச்சல் உண்டா"ன்னு கேள்வி வந்துடும், அப்புறம் பதில் சொல்றதுலயே நேரம் போயிடும். இத அமெரிக்காவுல பெக்மேன், ஃப்ராங்கெல்னு ரெண்டு பேர் நிஜமாவே அளந்து பாத்தாங்க. 1984ல வந்த அந்த ஆய்வுல 74 சந்திப்புகள ரெக்கார்ட் பண்ணி கேட்டாங்க. சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பேசிட்டாரு. சொல்ல வந்தத முழுசா சொல்லி முடிச்சது 23 சதவீதம் சந்திப்புலதான்.

இதுல என்ன பிரச்சனைன்னா, நோயாளி முதல்ல சொல்றதுதான் அவரோட முக்கியமான கவலைன்னு எந்த கேரண்டியும் கிடையாது. சொல்ல ஈஸியா இருக்கறது முதல்ல வரும், பயமா இருக்கறதும் வெக்கமா இருக்கறதும் கடைசியிலதான் வரும். டாக்டரோட மூளை வேலை செய்யற விதம் இதுக்கு நேர் எதிர், ரெண்டு அறிகுறி காதுல விழுந்த உடனே பழக்கப்பட்ட ஒரு நோயோட பேர் மனசுல வந்து நின்னுடும், அதுக்கப்புறம் கேக்கற கேள்வியெல்லாம் அந்த ஒரு பேரத்தான் சுத்தி வரும். முதுகு வலின்னு வந்தவர் எல்லாம் முடிஞ்சு எழுந்து கதவு கிட்ட போயிட்டு திரும்பி "அப்புறம் டாக்டர், மாடி ஏறினா நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது"ன்னு சொல்றது இப்படித்தான் நடக்குது.

இது டாக்டரோட குணம், நல்லவரா இருந்தா கேப்பாருன்னு ரொம்ப பேர் நெனைக்கறோம். எனக்கு அப்படி தோணல. தையல் போடறது மாதிரி, ஊசி போடறது மாதிரி கேக்கறதும் ஒரு கைப்பழக்கம்தான், சொல்லிக்குடுத்து செஞ்சு பாத்து தப்பு பண்ணி திருத்தினா வரும். ஆனா தப்பு பண்ணி கத்துக்க நிஜ நோயாளிகிட்ட போக முடியாதே?

இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் ஹோவர்ட் பேரோஸ்ங்கற நரம்பியல் டாக்டர். டாக்டர்களுக்கு வச்ச ஒரு பரீட்சையில, அவங்க சோதிச்சு பாக்கறதுக்காக வந்த நோயாளி ஒருத்தர், தன்ன முரட்டுத்தனமா நடத்தின டாக்டருக்கு மட்டும் வேணும்னே அறிகுறிகள மாத்தி காட்டினேன்னு அவர்கிட்ட சொன்னாராம். அட, நோயாளி மாதிரி நடிக்க முடியும் போலயேன்னு பேரோஸுக்கு பொறி தட்டிருக்கு. 1963ல லாஸ் ஏஞ்சலஸ்ல நல்ல ஆரோக்கியமா இருக்கற ஒரு பெண்ணுக்கு பயிற்சி குடுத்து, நரம்பு நோயால கால் செயலிழந்தவங்க மாதிரி ஸ்டூடண்ட்ஸ் முன்னாடி நடிக்க வச்சாரு. அப்போ நிறைய பேர் கிண்டல் பண்ணாங்க, இன்னைக்கு உலகம் பூரா மருத்துவக் கல்லூரிகள்ல இது நடக்குது. 1975ல ஸ்காட்லாந்தோட டண்டீல ரொனால்ட் ஹார்டன்ங்கறவர், ஸ்டூடண்ட்ஸ் ஒரு இடத்துலேர்ந்து அடுத்த இடத்துக்கு நகர்ந்துக்கிட்டே ஒவ்வொரு திறமையா செஞ்சு காட்டற பரீட்சை முறைய கொண்டு வந்ததும், நடிக்கற நோயாளிக்கு அதுல நிரந்தரமா ஒரு எடம் கெடச்சிடுச்சு.

இது வேலை செய்யற விதம்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். நடிக்கறவங்க கையில முழு கதையும் இருக்கும், எந்த வார்த்தையில ஆரம்பிக்கணும், எத தானா சொல்லணும், எத கேட்டா மட்டும் சொல்லணும் எல்லாம். உதாரணத்துக்கு, மாத்திரைய நிறுத்தி மூணு வாரம் ஆச்சுங்கறத "வீட்ல எப்படி சமாளிக்கறீங்க?"ன்னு பொறுமையா கேட்டா சொல்லணும், "மாத்திரை ஒழுங்கா போடறீங்கல்ல?"ன்னு கேட்டா "போடறேன் டாக்டர்"னு மட்டும் சொல்லணும், அதனால கேள்வி கேட்ட விதம் சரியா தப்பான்னு அங்கயே தெரிஞ்சிடும். முடிஞ்சதும் அவங்க வேஷத்த கலைச்சிட்டு "நான் அழற மாதிரி ஆனப்போ நீங்க குனிஞ்சு எழுத ஆரம்பிச்சீங்க, அதுக்கப்புறம் எனக்கு பேச தோணல"ன்னு நேரா சொல்லுவாங்க. ஸ்டூடண்ட் அந்த இடத்துலேர்ந்து மறுபடி செஞ்சு பாக்கலாம். நிஜ நோயாளி யாரும் இப்படி சொல்ல மாட்டாங்க, பேசாம வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்க.

சின்ன வார்த்தை கூட எவ்ளோ வித்தியாசம் பண்ணுதுன்னு 2007ல ஜான் ஹெரிடேஜ் குழு காட்டினாங்க. ஆங்கிலத்துல "வேற எதாவது இருக்கா"ன்னு கேக்க "எனி"யும் போடலாம் "சம்"மும் போடலாம். "சம்" போட்டு கேட்டப்போ சொல்லாம விட்டுப்போன கவலைகள் 78 சதவீதம் குறைஞ்சுது, "எனி" போட்டப்போ பெருசா பலனே இல்ல. ஏன்னா "எனி" இல்லங்கற பதில எதிர்பாக்கற மாதிரி ஒலிக்குது. தமிழ்ல "வேற ஒண்ணும் இல்லல்ல?"க்கும் "வேற என்னெல்லாம் சொல்லணும்னு வந்தீங்க?"க்கும் இருக்கற தூரம் நமக்கே தெரியும்.

டாக்டர் சொல்றது நோயாளிக்கு போய் சேருதாங்கறது இன்னொரு பாதி. கேட்டதுல 40லேர்ந்து 80 சதவீதம் உடனே மறந்து போகுது, ஞாபகம் இருக்கறதுலயும் பாதி தப்பாதான் இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலைய ஆட்டிடுவோம். அதனால "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், வீட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?"ன்னு கேக்க பழக்கறாங்க, தப்பா வந்தா விளக்கினவர் மறுபடி விளக்கணும். நர்ஸ், மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாருக்கும் இது பொருந்தும்.

ஆனா ஒரு தடவ கிளாஸ் எடுத்துட்டு விட்டா நிக்காது. 2009ல ஹோஜத் குழு அமெரிக்காவுல ஒரு மருத்துவக் கல்லூரி ஸ்டூடண்ட்ஸ வருஷா வருஷம் அளந்தப்போ, அடுத்தவங்க வலிய புரிஞ்சுக்கற மனசு மூணாவது வருஷம் சட்டுன்னு இறங்குச்சு. அவங்க நிஜ நோயாளிகள பாக்க ஆரம்பிக்கற வருஷமே அதுதான். வார்டுல சீனியர் நின்னுக்கிட்டே அரை நிமிஷத்துல பேசிட்டு போறத தினமும் பாக்கற பையன் எதக் கத்துப்பான்? அதனால சீனியர் டாக்டர்களுக்கும் இந்த பயிற்சி வேணும்னு நான் உறுதியா நம்பறேன்.

இவ்ளோ கேட்டுக்கிட்டு இருந்தா நேரம் எங்கன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். சுவிட்சர்லாந்துல பாஸல் நகரத்து ஆஸ்பத்திரியில, குறுக்க பேசாம கேக்க பயிற்சி எடுத்த டாக்டர்கள் 335 நோயாளிகள அவங்களா நிறுத்தற வரைக்கும் பேச விட்டாங்க, 2002ல ரிசல்ட் வந்துது. சராசரி 92 செகண்ட். நாலுல மூணு பேருக்கு மேல ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. அஞ்சு நிமிஷத்த தாண்டினது மொத்தமே 7 பேர், அந்த 7 பேர் சொன்னதும் தேவையான விஷயம்தான்னு டாக்டர்களே சொன்னாங்க.